பயிற்சிப் பத்திரம், பென்டிரைவ், ஒரு முனைவர் பட்டம்

கோவையிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 36. இயந்திரவியல் பட்டதாரி. பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்த்து, இப்போது துணை மேலாளர். வார்ப்பிரும்பு காஸ்டிங்குகளும் (வார்ப்புகள்) மோட்டார் ஸ்டாம்பிங்குகளும் (மோட்டாருக்கான இரும்புத் தகடுகள்) அவருடைய பொறுப்பு. வெளிநாட்டுக் கல்வி அமைப்பு ஒன்று நடத்தும் கொள்முதல் மேலாண்மைப் பட்டயப் படிப்புக்கு நிறுவனமே அவரை அனுப்பியது. கட்டணம், தேர்வு, சென்னைக்குப் போய் வந்த செலவு எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய். படிப்பு முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வேலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 6 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கூடவே தொகை எழுதாத ஒரு காசோலையும், அசல் பட்டச் சான்றிதழும் மனிதவளப் பிரிவின் பீரோவில் இருக்கின்றன. படிப்பு முடிந்து 15 மாதங்கள் ஆகின்றன.

இதற்கிடையே பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வும் செய்கிறார். தலைப்பு, சிறு சப்ளையர்களுக்குப் பணம் தாமதமாகக் கொடுப்பது பொருளின் விலையை எப்படிப் பாதிக்கிறது என்பது. பொது மேலாளர் முதலில் “தாராளமாகச் செய்யுங்கள்” என்று வாய்வார்த்தையாகச் சொன்னார். நான்காம் அத்தியாயத்தின் வரைவைப் பார்த்ததும், “இதை எடுத்துவிடுங்கள், வெளியே போகக் கூடாது” என்றார். அந்த அத்தியாயம் சொல்வது இதுதான்: இவர்களுக்கும், சீக்கிரம் பணம் கொடுக்கும் வேறொரு வாடிக்கையாளருக்கும் ஒரே ஃபவுண்டரி (வார்ப்பாலை) ஒரே தரக் காஸ்டிங்கைக் கொடுக்கிறது, இவர்களுக்கு மட்டும் கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடுதல்.

அதே ஊரில் இன்னொரு பம்பு நிறுவனம் நல்ல சம்பளத்தில் அழைக்கிறது. இரண்டு மாதத்தில் சேர வேண்டும். அவர் கேட்பவை: “பயிற்சிப் பத்திரங்கள் செல்லாது என்று இணையத்தில் படித்தேன், நிம்மதியாக இருக்கலாமா? ஆனால் பணி நியமன ஆணையில், விலகியபின் இரண்டு ஆண்டுகள் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று இருக்கிறதே, அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. நான்கு ஆண்டு ஆர்டர், பில், பணம் கொடுத்த தேதி எல்லாம் ஒரு பென்டிரைவில் வைத்திருக்கிறேன். எல்லாம் நான் போட்ட ஆர்டர்கள்தான், ஆய்வுக்குப் பயன்படுத்தலாம் அல்லவா? ஓர் எக்செல் கோப்பை என் நெறியாளருக்கு அனுப்பியும் விட்டேன். கடைசியாக ஒன்று. எங்கள் பிரிவில் எப்போதும் ‘எல்1 யார்?’, அதாவது மிகக் குறைந்த விலை சொன்னவர் யார், என்ற கேள்வி மட்டும்தான். இந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் அர்த்தம் இருக்கிறதா?”

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வழக்கறிஞராவதற்கு முன் நானும் பதினொரு ஆண்டுகள் பர்ச்சேஸில் உட்கார்ந்தவன். எனவே சில இடங்களில் சட்டத்தைத் தாண்டியும் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல்லாது என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும் பத்திரம் ஓரளவு செல்லும். தூக்கத்தைக் கெடுக்கும் போட்டி நிறுவன நிபந்தனை செல்லாது. போகிற போக்கில் குறிப்பிட்ட பென்டிரைவ்தான் உண்மையான ஆபத்து.

பத்திரம் எந்த அளவுக்குச் செல்லும்?

இணையத்தில் நீங்கள் படித்தது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 27ஆம் பிரிவைப் பற்றியதாக இருக்கும். ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது அது. பயிற்சிப் பத்திரம் அப்படித் தடுப்பதில்லை. ‘போகலாம், செலவைக் கொடுத்துவிட்டுப் போ’ என்கிறது. விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே சொன்னது. மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை 27ஆம் பிரிவுக்கு முரணானது அல்ல, பொதுக்கொள்கைக்கும் எதிரானது அல்ல என்று தீர்ப்பு. அது ஒரு பொதுத்துறை வங்கி. ஆள் போனால் மறுபடியும் விளம்பரம், போட்டித் தேர்வு என்று செலவு செய்தாக வேண்டிய அமைப்பு. உங்கள் தனியார் நிறுவனம் அந்தத் தீர்ப்பை அப்படியே எடுத்துப் போர்த்திக்கொள்ள முடியாது. ஆனாலும் “எல்லாப் பத்திரமும் குப்பை” என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் வாயை அது அடைத்துவிட்டது.

செல்லும் என்பதால் 6 லட்சத்தையும் எடுத்து வைக்க வேண்டுமா? இல்லை. இங்கேதான் அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு வருகிறது. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். 1963ஆம் ஆண்டின் பதே சந்த் வழக்கிலிருந்து 2015ஆம் ஆண்டின் கைலாஷ் நாத் வழக்கு வரை உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொல்லிவருகிறது. நட்டத்தைக் கணக்கிட முடிகிற இடத்தில் நட்டத்தைக் காட்டியே ஆக வேண்டும். உங்கள் விஷயத்தில் நட்டத்தைக் கணக்கிடுவது சுலபம், எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது.

36 மாதத்தில் 15 மாதம் வேலை செய்துவிட்டீர்கள். மிச்சம் 21. செலவான 2,40,000 ரூபாயில் அந்த விகிதம் 1,40,000. பேச்சுவார்த்தைக்குப் போகும்போது இந்த எண்ணோடு போங்கள். படிப்புக்காக எடுத்த சம்பளத்தோடு கூடிய விடுப்பையும் கணக்கில் சேர்க்கச் சொல்வார்கள். தேர்வு நாட்கள் வரைக்கும் அது நியாயம்தான். ஆனால் ஈஆர்பி மென்பொருளைப் பயன்படுத்த எல்லோருக்கும் அலுவலகத்திலேயே நடத்திய மூன்று நாள் வகுப்பைச் சேர்த்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது அவர்கள் வேலை நடப்பதற்காக அவர்கள் கற்றுக்கொடுத்தது. புதிய நிறுவனமும் இந்தத் தொகையை ஏற்றுக்கொள்ளக்கூடும், கேட்பதில் கூச்சம் வேண்டாம். அப்படிக் கொடுத்தால் அது சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பத்திரத்தைக் காட்டி நீதிமன்றம் உங்களை இழுத்து வந்து அந்த நாற்காலியில் உட்கார வைக்காது. தனிமனித உழைப்பை அப்படி வலுக்கட்டாயமாக வாங்க இந்தியச் சட்டத்தில் இடமில்லை. அதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதீர்கள். ராஜினாமா, அறிவிப்புக் காலம், பணி ஒப்படைப்பு, விடுவிப்புக் கடிதம் என்று வரிசையாகச் செய்யுங்கள். கோவையில் பம்புத் தொழில் என்பது ஒரே தெருவில் குடியிருப்பது போல. இன்று நீங்கள் விட்டு வரும் மேலாளர் மூன்று ஆண்டு கழித்துப் புதிய நிறுவனத்தில் உங்களுக்கே மேலாளராக வந்து உட்காரலாம்.

காசோலை விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட காசோலையை வேறொருவர் நிரப்பினாலும், கடனுக்காகத்தான் கொடுத்தீர்கள் என்று சட்டம் முதலில் உங்களுக்கு எதிராகவே அனுமானிக்கும். பணம் கொடுக்க வேண்டாம் என்று வங்கிக்கு எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படித் திரும்பிய காசோலைக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு பொருந்தும். ராஜினாமாக் கடிதத்திலேயே காசோலை எண்ணைக் குறிப்பிட்டு, அது பயிற்சிப் பத்திரத்துக்குப் பிணையாக மட்டுமே கொடுக்கப்பட்டது, அதைத் திருப்பித் தரவும் என்று எழுதுங்கள். ஒருவேளை அதை வங்கியில் போட்டு, திரும்பி, நோட்டீஸ் வந்தால் 15 நாள்தான் அவகாசம். அந்த நோட்டீஸைப் பிரித்துப் படித்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள்.

அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமையே இல்லை. அது உங்கள் படிப்பின் சாட்சியம், அடகுப் பொருள் கிடையாது. மின்னஞ்சலில் கேளுங்கள், ஒரு வாரம் பாருங்கள், பிறகு வழக்கறிஞர் நோட்டீஸ். பெரும்பாலும் அந்த நோட்டீஸ் போய்ச் சேர்ந்த மறுநாளே பீரோச் சாவி கிடைத்துவிடும். பி.எஃப். பணத்திலும் கிராஜுவிட்டியிலும் பத்திரத் தொகையைக் கழித்துக்கொள்வோம் என்றால் அதுவும் நடக்காது.

போட்டி நிறுவனத்தில் சேர்வது

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். வேலையில் இருக்கும் காலத்தில் போட்டியாளருக்கு வேலை செய்யக் கூடாது என்பது செல்லும். 1967ஆம் ஆண்டின் கோலிகாரி வழக்கிலிருந்து அதுதான் நிலை. விலகிய பிறகும் இரண்டு ஆண்டு சேரக் கூடாது என்பது அதே 27ஆம் பிரிவின்படி செல்லாது. காஸ்டிங் வாங்கத் தெரிந்த கையை இரண்டு ஆண்டு மடித்து வைத்துக்கொள்ளச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. எந்த ஃபவுண்டரியில் வார்ப்புக் குறை அதிகம், யார் சொன்ன தேதிக்குக் காஸ்டிங் கொடுப்பார் என்ற உங்கள் அனுபவ அறிவும் உங்களுடையதே. அதைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியேறலாம். பென்டிரைவில் வைத்துக்கொண்டு வெளியேறுவது வேறு கதை.

“நான் போட்ட ஆர்டர்கள்தான்”

கடிதத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கிய வரி இது. ஆர்டரை நீங்கள் தட்டச்சு செய்தீர்கள். ஆனால் அது நிறுவனத்தின் ஆவணம். விலை, சப்ளையர், பணம் கொடுத்த தேதி, தள்ளுபடி ஆகிய நான்கையும் ஒரே எக்செல் பக்கத்தில் சேர்த்தால் அதுதான் ஒரு கொள்முதல் பிரிவின் மொத்த ரகசியம். இந்தியாவில் வணிக ரகசியத்துக்கென்று தனிச்சட்டம் இல்லைதான். ஆனால் உங்கள் நியமன ஆணையில் ரகசியக் காப்பு நிபந்தனை இருக்கும், அது விலகிய பிறகும் தொடரும். போட்டித் தடை போல 27ஆம் பிரிவில் அடிபடாது. அதற்கு மேல், தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் கணினியிலிருந்து தரவைப் பிரதி எடுத்தால் இழப்பீடு என்கிறது. நேர்மையற்ற நோக்கம் இருந்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவில் ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு ஏழு ஆண்டு வரை போகும்.

உங்களுக்கு அப்படி எந்த நோக்கமும் இல்லை என்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் காலவரிசையை ஒரு காவல்துறை ஆய்வாளரின் கண்ணால் பாருங்கள். மார்ச்சில் பிரதி எடுக்கிறார், மே மாதம் ராஜினாமா செய்கிறார், ஜூலையில் போட்டி நிறுவனத்தில் அதே காஸ்டிங்கை வாங்கும் நாற்காலியில் உட்காருகிறார். ஆய்வுக்காக எடுத்தேன் என்று அலைந்து அலைந்து விளக்கும் பாடு உங்களுடையதாகிவிடும். அது ஒழுங்கு நடவடிக்கையாக மாறி, நிறுவனத்துக்கு இன்ன நட்டம் என்று நிரூபித்தால், யாரும் கை வைக்க முடியாது என்று மேலே சொன்ன கிராஜுவிட்டியிலும் அந்த அளவுக்குக் கை வைப்பார்கள். பத்திரப் பிரச்சினை 1,40,000 ரூபாயோடு முடியும். இது அப்படி முடியாது.

எனவே: அந்தக் கோப்புகளைத் திறக்காதீர்கள். இன்னொரு பிரதி எடுக்காதீர்கள். பதறிப்போய் அழிக்கவும் வேண்டாம். அழித்ததும் தடயமாக நிற்கும், மறைத்தார் என்ற குற்றச்சாட்டுக்கு அதுவே போதும். உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை வைத்துக்கொண்டு, என்ன எடுத்தீர்கள், எப்போது, எதற்கு, யாருக்கு அனுப்பினீர்கள் என்று நேர்மையாக ஒரு கடிதம் தயாரித்து, பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். பொது மேலாளர் வாய்மொழியாக அனுமதித்த தேதியும் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். உங்கள் நெறியாளரிடமும் அந்தக் கோப்பைப் பயன்படுத்த வேண்டாம், யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று எழுத்தில் கேளுங்கள். நெறியாளர்கள் நல்லவர்கள், ஆனால் மாணவர் அனுப்பிய தரவை அடுத்த கருத்தரங்கில் ஒரு வரைபடமாகப் போட்டுக் காட்டும் ஆர்வம் அவர்களுக்குக் கொஞ்சம் அதிகம்.

பெயர்களை நீக்கிவிட்டால் போதுமே என்று கேட்பீர்கள். போதாது. ‘கோவை, ஆறு அங்குல நீர்மூழ்கி பம்பு, ஆண்டுக்கு இத்தனை டன் காஸ்டிங்’ என்று எழுதினாலே தொழிலில் இருப்பவர் யார் என்று சொல்லிவிடுவார். அனுமதி கிடைத்தாலும் ரூபாயில் எழுதாதீர்கள். முதல் மாத விலையை 100 என்று வைத்து மற்ற மாதங்களைக் குறியீட்டெண்ணாக மாற்றுங்கள். டன் கணக்கு வேண்டாம். சப்ளையரைச் சிறியது, நடுத்தரம் என்று மட்டும் பிரியுங்கள். அதையும் நிறுவனம், பல்கலைக்கழகம், நீங்கள் மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகே செய்யுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பட்டய வகுப்பில் படித்தவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் “நீங்கள் ஸ்டாம்பிங் என்ன விலைக்கு வாங்குகிறீர்கள்?” என்று பரிமாறிக்கொள்வது உதவியாக இருக்கிறது என்று. அந்தக் குழுவில் போட்டி நிறுவனங்களின் கொள்முதல்காரர்கள் இருக்கிறார்கள் அல்லவா? போட்டியாளர்கள் விலையைப் பேசி வைத்துக்கொள்வதைத் தடுக்கும் போட்டிச் சட்டம், 2002 விற்பவர்களுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. வாங்குபவர்கள் சேர்ந்துகொண்டாலும் அது கூட்டுச்சதிதான். வகுப்பில் பேரம் பேசும் முறையைப் பேசலாம், பாடத்தைப் பேசலாம். நடப்பு விலையைப் பேசக் கூடாது. குழுவிலிருந்து வெளியேறிவிடுங்கள்.

நீக்கச் சொன்ன அத்தியாயம்

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தன் தரவைக் கொடுக்க மறுப்பது நிறுவனத்தின் உரிமை. தரவைக் கொடுத்துவிட்டு, முடிவை மட்டும் மாற்றி எழுது என்று சொல்வது உரிமை அல்ல, அதற்கு நீங்கள் இணங்கவும் கூடாது. உங்கள் பொது மேலாளர் கேட்டது முதலாவது என்றே எனக்குப் படுகிறது. அப்படியானால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு, அதே உண்மையை வேறு வாசல் வழியாகப் பிடியுங்கள்.

வாசல் திறந்தே இருக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பம்பு, வாகன உதிரிபாக நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை எடுங்கள். கம்பெனிகள் சட்டத்தின் அட்டவணை 3-இல் 2021-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியை ஓராண்டுக்குள், ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்றுக்கு மேல் என்று வயதுவாரியாக, சிறு நிறுவனங்களின் பாக்கியைத் தனியாக, அச்சிட்டே ஆக வேண்டும். சிறு நிறுவனங்களுக்குத் தாமதத்துக்காகக் கொடுக்க வேண்டிய வட்டியும் குறிப்புகளில் வரும். யாருடைய பென்டிரைவும் தேவையில்லை. விலைப் பக்கத்துக்கு ஃபவுண்டரிக்காரர்களிடமே போங்கள். “வாடிக்கையாளர் பெயர் வேண்டாம், 45 நாளில் பணம் தருபவருக்கு என்ன விலை சொல்வீர்கள், 120 நாளில் தருபவருக்கு என்ன விலை?” என்று ஒரு கேள்வித்தாள். அவர்கள் மனம் திறந்து பேசுவார்கள். இத்தனை ஆண்டுகளாக யாரும் கேட்கவில்லையே என்ற ஆதங்கம் அவர்களிடம் நிறையவே இருக்கிறது.

உங்கள் கண்டுபிடிப்பு சரிதான் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். காஸ்டிங் கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபவுண்டரி வங்கியில் வாங்கிய கடனுக்கு ஆண்டு வட்டி 12 சதவீதம். 45 நாளில் வர வேண்டிய பணம் 120 நாளில் வந்தால், 75 நாள் வட்டி கிலோவுக்கு ஏறக்குறைய இரண்டரை ரூபாய். அவர் அதை விலையில் வைத்துவிடுகிறார். வைக்காமல் எங்கே போவார்? கச்சா இரும்புக்காரரும் மின்வாரியமும் அவருக்குக் காத்திருப்பதில்லை.

பொது மேலாளரிடம் இதைப் பேசுவதாக இருந்தால் ஆய்வு மொழியில் பேசாதீர்கள், வரி மொழியில் பேசுங்கள். எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) மேம்பாட்டுச் சட்டம், 2006-இன்படி குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. அந்த வட்டியை வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. 2023-இல் வருமான வரிச் சட்டம், 1961-இல் சேர்த்து 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 43பி(எச்) பிரிவு இன்னும் ஒரு பிடி பிடித்தது: கெடு தாண்டியும் மார்ச் 31 வரை கொடுக்காத தொகை அந்த ஆண்டுக்கான செலவே ஆகாது, என்றைக்குக் கொடுக்கிறார்களோ அந்த ஆண்டில்தான் செலவு. அந்தத் தொகைக்கு இந்த ஆண்டு வரி கட்ட வேண்டியதுதான். நிதிப் பிரிவுத் தலைவருக்கு இது மனப்பாடமாக இருக்கும், ஆனால் கொள்முதல் பிரிவின் விலையோடு அவர் அதைச் சேர்த்துப் பார்த்திருக்கமாட்டார். நீங்கள் சேர்த்துப் பார்த்திருக்கிறீர்கள், அதுதான் உங்கள் ஆராய்ச்சி.

இந்தப் படிப்பால் என்ன பயன்?

எனக்கும் இந்தக் கேள்வி இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் என்னைச் சென்னை ஓட்டல் ஒன்றில் இரண்டு நாள் பேரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். விலை சொன்னதும் பதில் பேசாமல் அமைதியாக இருங்கள், எதிரில் இருப்பவர் தாங்காமல் குறைத்துவிடுவார் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஊருக்கு வந்து முதல் வேலையாகப் பீளமேட்டில் ஒரு ஃபவுண்டரி உரிமையாளரிடம் அதைச் செய்து பார்த்தேன். அவர் விலை சொன்னார். நான் அமைதி. அவரும் அமைதி. தேநீர் வந்தது, குடித்தார். வெளியே லாரி வந்து நின்றதை எட்டிப் பார்த்தார். கடைசியில், “தம்பி, நீங்கள் பேசாமல் இருந்தால் இரும்பு விலை குறையாது” என்றார். போன ஆண்டுப் பாக்கியை எடுத்துக் கொடுத்திருந்தால் குறைத்திருப்பார் என்பது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் புரிந்தது.

ஆனால் உங்கள் பட்டயப் படிப்பு அந்த ரகம் அல்ல. அதில் வரும் கிரால்ஜிக் கட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1983-இல் பீட்டர் கிரால்ஜிக் என்ற மேலாண்மை ஆலோசகர் வகுத்தது. வாங்கும் பொருளை லாபத்தில் அதன் பங்கு, கிடைப்பதில் உள்ள ஆபத்து என்று இரண்டு பக்கமாகப் பார்த்து நான்கு அறைகளில் போடுவது. ஊரில் ஃபவுண்டரிகள் நிறைய, எனவே காஸ்டிங் ‘நெருக்கி விலை குறைக்கும்’ அறையில் வரும் என்று வகுப்பில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது உறுத்தியதே, அந்த உறுத்தல் சரியானது. உங்கள் நிறுவனத்தின் பேட்டர்ன்கள் (வார்ப்புக்கான மாதிரி வடிவங்கள்) யார் கொட்டகையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன? அந்த ஃபவுண்டரியில்தானே. பாக்கி வைத்துக்கொண்டு வேறு இடம் போக நினைத்தால் பேட்டர்னை அவர் உடனே தூக்கிக் கொடுப்பாரா? கொடுத்தாலும் புதிய இடத்தில் மாதிரி ஊற்றி, கடைசல் பார்த்து, அழுத்தச் சோதனையில் கசியாமல் தேற எத்தனை வாரம்? காகிதத்தில் முப்பது ஃபவுண்டரி, உண்மையில் ஒன்றரை. காஸ்டிங் உட்கார வேண்டிய அறையே வேறு. எல்1 என்று மட்டும் கேட்கும் பிரிவுக்கு இந்தக் கேள்வி தோன்றாது. படிப்பு உங்களுக்குக் கொடுத்தது அந்தக் கேள்வியை.

மேற்கொண்டு படிக்க வேண்டுமா என்று கேட்டால், இப்போது வேண்டாம் என்பேன். கொள்முதல் துறைக்குச் சான்றிதழ் தரும் பிரிட்டனின் சிப்ஸ் (CIPS), அமெரிக்காவின் ஐஎஸ்எம் (ISM), நம் நாட்டின் இந்தியப் பொருள் மேலாண்மைக் கழகம் மூன்றும் நல்ல அமைப்புகளே. ஆனால் ஒரு பத்திரத்தை முடிக்காமல் இன்னொரு நிறுவனத்தின் செலவில் அடுத்த சான்றிதழுக்குப் போய், அங்கும் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். போட நேர்ந்தால், ஒவ்வொரு மாதமும் தொகை குறைந்துகொண்டே வரும் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். தொகை செலவுக்கு மேல் போகக் கூடாது. வெற்றுக் காசோலை கூடவே கூடாது.

உங்கள் பத்திரத்தையோ நியமன ஆணையையோ நான் பார்க்கவில்லை. முத்திரைத் தாள், சாட்சி, தேதி இவற்றில் எது விடுபட்டிருந்தாலும் நான் சொன்ன கணக்கு மாறும். இரண்டின் நகலையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். ராஜினாமாக் கடிதம் அதற்குப் பிறகுதான்.

அந்தப் பென்டிரைவ் இப்போது எங்கே இருக்கிறது என்று கடிதத்தில் எழுதவில்லை. வீட்டு மடிக்கணினியில் செருகியபடி இருந்தால் இன்றே கழற்றி ஓர் உறையில் போட்டு ஒட்டுங்கள். மேலே தேதி எழுதி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்துப் போடுங்கள். வழக்கறிஞர் முன்னிலையில் பிரிக்கும்வரை அது அப்படியே இருக்கட்டும்.